மினியேச்சர் போர் விளையாட்டு: முதல்முறை மேசைக்கு வருபவருக்கு

சிறு வீரர் உருவங்களை மேசையில் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் விதிப்புத்தகத்தின் பருமனைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். விதிகள் அவ்வளவு பெரிய தடையல்ல. சில ஆட்டங்கள் ஆடினால் பாதி தானாகவே மனத்தில் ஏறிவிடும். மீதியை எதிரே இருப்பவர் பொறுமையாகச் சொல்லித்தருவார். அவர் மறுபடியும் உங்களோடு ஆட விரும்புவாரா என்பதுதான் முக்கியம். அதைத் தீர்மானிக்கும் பழக்கங்களில் பெரும்பாலானவை எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. அவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

பழக்கவழக்கம் இந்த விளையாட்டில் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1824-ல் பிரஷ்யப் படை அதிகாரி இளைய ரைஸ்விட்ஸ் வெளியிட்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற போர் விளையாட்டில் நடுவர் ஒருவர் இருந்தார். இரு தரப்பும் தங்கள் ஆணைகளை அவரிடம் கொடுக்கும். யார் கண்ணுக்கு எது தெரியும், மோதலில் யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதையெல்லாம் அவரே முடிவு செய்வார். இன்று நாம் ஆடும் ஆட்டங்களில் பெரும்பாலும் அப்படி ஒருவர் கிடையாது. சதுரங்கத்தில் குதிரை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. நம் மேசையில் கட்டங்களே இல்லை. அரை அங்குலம் தள்ளி நின்றால் ஒரு படைப்பிரிவே அழியலாம் அல்லது பிழைக்கலாம். ஆகவே ஆடுகிற இருவருமே நடுவர்களும் ஆகிறார்கள். நீங்கள் மனத்துக்குள் நினைப்பதை அந்த இன்னொரு நடுவர் அறிய வேண்டுமானால் வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். மேசையில் நான் பார்த்த மனக்கசப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஏமாற்றால் வந்தவை அல்ல, சொல்லாமல் விட்டதால் வந்தவை.

முதலில், சந்திப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்

எந்த ஆட்டம், விதிகளின் எந்தப் பதிப்பு, எத்தனை புள்ளிகள் (படையின் அளவைக் குறிக்கும் மதிப்பு) என்ற மூன்றும் தெளிவாக இருக்கட்டும். இந்த வகையில் பெயர்பெற்ற வார்ஹாமர் 40,000-இன் பத்தாம் பதிப்பில் வழக்கமான ஆட்டம் 2000 புள்ளிகள். அதற்கு மூன்று மணி நேரம் ஆகலாம் என்று விதிகளே சொல்கின்றன. புதியவர்களுக்கு நான்கு, ஐந்து மணி நேரம்கூட ஆகும். அதனால் 1000 புள்ளிகளிலோ அதற்கும் குறைவாகவோ தொடங்குங்கள். “எனக்கு இது புதிது, சின்ன ஆட்டமாக வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். அனுபவமுள்ளவர்கள் இந்தக் கேள்வியை மதிக்கிறார்கள்.

அடுத்த கேள்விதான் மிகவும் முக்கியமானது, ஆனால் பலரும் கேட்பதில்லை: எப்படிப்பட்ட ஆட்டம் வேண்டும்? ஒருவர் வரப்போகும் போட்டிக்குப் பயிற்சி செய்ய வருகிறார். அவருடைய படைப்பட்டியலில் வீணான புள்ளி ஒன்றுகூட இருக்காது. மற்றவர் தான் பல இரவுகள் கண்விழித்து வண்ணம் தீட்டிய குதிரைப்படை மேசையில் பாய்ந்து செல்வதைப் பார்க்க வருகிறார். இருவரும் நல்லவர்கள்தாம், இருவருடைய விருப்பமும் நியாயமானதுதான். ஆனால் இந்த இருவரும் பேசிக்கொள்ளாமல் மேசைக்கு வந்தால் இரண்டாம் சுற்றிலேயே ஒருவருக்குச் சலிப்பும் மற்றவருக்குக் குற்றவுணர்வும் வந்துவிடும். முடிந்தால் முன்கூட்டியே படைப்பட்டியலைப் பகிர்ந்துகொள்ளுங்கள். மறைத்து வைத்து வெல்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

மாற்று உருவங்களைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுங்கள். உங்களிடம் இல்லாத ஒரு வீரனுக்குப் பதிலாக வேறொன்றை வைத்து ஆடுவதைப் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வார்கள். இரண்டு நிபந்தனைகள் மட்டும் காக்கப்பட வேண்டும். ஒரே வகை உருவம் மேசை முழுவதும் ஒரே பொருளில்தான் இருக்க வேண்டும். இடதுபுறம் நிற்கும் வில்லாளி வில்லாளியாகவும், வலதுபுறம் நிற்கும் அதே வில்லாளி வாள்வீரனாகவும் இருந்தால் எதிராளியால் திட்டமிடவே முடியாது. இரண்டாவது, அடித்தட்டின் (உருவம் நிற்கும் சிறு தட்டு) அளவு சரியாக இருக்க வேண்டும். தூரம், மோதல், சூழ்தல் எல்லாமே அடித்தட்டை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. வீட்டில் முப்பரிமாண அச்சில் எடுத்த உருவங்களுக்கும் இதே விதிதான். போட்டி என்றால் அமைப்பாளர்கள் அவற்றை அனுமதிக்கிறார்களா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்ணம் தீட்டாத படையோடு வரலாமா என்று புதியவர்கள் கூச்சத்தோடு கேட்பதுண்டு. நட்பு ஆட்டங்களுக்குத் தாராளமாக வரலாம். வார்ஹாமர் 40,000-இன் பத்தாம் பதிப்புப் போட்டி ஆட்டங்களில், முழுதும் வண்ணம் தீட்டிய படைக்கு 100-க்கு 10 வெற்றிப் புள்ளிகள் தனியே உண்டு. அதற்கு மேல் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கோடு வந்தவரைக் கேலி செய்வது இந்தப் பொழுதுபோக்கில் நான் காணும் மிக மோசமான பழக்கங்களில் ஒன்று. அடுத்த மாதம் தூரிகையை எடுக்க இருந்தவர் அந்த ஒரு சொல்லால் நின்றுவிடுகிறார்.

மேசையை அமைக்கும்போது

படைகளை நிறுத்துவதற்கு முன் மேசையில் இருக்கும் ஒவ்வொரு மரத்தையும் சுவரையும் காட்டிப் பேசிவிடுங்கள். இந்தக் காடு பார்வையை மறைக்குமா? இந்த இடிந்த கட்டடத்தின் ஜன்னல் வழியாகச் சுடலாமா? இந்த வேலியைத் தாண்ட அசைவுத் தூரம் குறையுமா? இதற்கு ஐந்து நிமிடம் போதும். இதே கேள்வி மூன்றாம் சுற்றில், ஒரு பீரங்கியின் உயிர் ஊசலாடும்போது எழுந்தால் அரை மணி நேரம் போய்விடும். யார் சொல்வது சரியாக இருந்தாலும் மற்றவர் மனம் புண்படும்.

தேநீர்க் கோப்பையும் தண்ணீர்ப் பாட்டிலும் போர்க்களத்தின் மேல் வேண்டாம். கைப்பேசி, விதிப்புத்தகம், இறந்த வீரர்கள், பெட்டி எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு சிறு மேசையோ நாற்காலியோ பிடித்துக்கொள்ளுங்கள். எதிராளி தன் படையை நிறுத்த வேண்டிய இடத்தில் உங்கள் பை கிடந்தால், அதை நகர்த்தச் சொல்லவே அவருக்குச் சங்கடமாக இருக்கும். மூடிய அறையில் பல மணி நேரம் பலர் நெருங்கி நிற்கும் பொழுதுபோக்கு இது என்பதால் குளித்துவிட்டு, துவைத்த உடையோடு வாருங்கள். இதைச் சொல்லப் பலரும் கூச்சப்படுகிறார்கள்; ஆனால் முகம் சுளிக்க வைப்பவற்றில் இதற்கு எப்போதும் முன்னிடம் உண்டு.

மற்றவரின் உருவத்தைக் கேட்காமல் தொடாதீர்கள். ‘கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாமா’ என்று கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு நீட்டுவார்கள். வாங்கினால் அடித்தட்டைப் பிடியுங்கள், உருவத்தைப் பிடிக்காதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசையும் உராய்வும் வண்ணத்தின் விளிம்புகளைத் தேய்க்கும். உலோக உருவங்களில் வண்ணம் எளிதில் பெயரும். ரெசின் உருவங்களில் ஈட்டியும் வாளும் சட்டென்று ஒடியும். ஒடிந்துவிட்டால் அந்தக் கணமே சொல்லுங்கள், துண்டைத் தேடி எடுத்துக் கொடுங்கள். உடைந்ததை ஒட்டிவிடலாம். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தபோது தெரிந்துகொள்வதுதான் உண்மையில் வலிக்கும். மேசையின் குறுக்கே எட்டும்போது தொங்கும் கைப்பையையும் அடையாள அட்டையையும் சட்டையின் கைநுனியையும் கவனித்துக்கொள்ளுங்கள். வரிசையாகப் படைகளை வீழ்த்துவது பெரும்பாலும் இவைதாம்.

அளவெடுப்பதில் நேர்மை

புதியவர்கள் தெரியாமல் செய்யும் தவறுகளில் இதுதான் முதலிடம் பிடிக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அளவுநாடாவை அடித்தட்டின் முன்விளிம்பில் வைத்து 6 அங்குலம் அளக்கிறீர்கள். பிறகு உருவத்தை எடுத்து, அந்த 6 அங்குலக் குறிக்கு அப்பால் வைக்கிறீர்கள். இப்போது உருவம் 6 அங்குலம் நகரவில்லை. 6 அங்குலத்தோடு தன் அடித்தட்டின் அகலத்தையும் சேர்த்து நகர்ந்திருக்கிறது. அடித்தட்டு 32 மில்லிமீட்டர் என்றால் அது ஓர் அங்குலத்துக்கும் அதிகம்; ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்தான். 6 அங்குலம் போக வேண்டியவர் 7 அங்குலத்துக்கு மேல் போய்விட்டார். ஐந்து சுற்றுகளில் இது எவ்வளவு சேரும் என்று எண்ணிப் பாருங்கள். முன்விளிம்பிலிருந்து அளந்தால் முன்விளிம்பு வந்து நிற்க வேண்டும். பின்விளிம்பிலிருந்து அளந்தால் பின்விளிம்பு. இதை மட்டும் கைப்பழக்கமாக்கிக்கொண்டால் உங்கள் மீது யாருக்கும் ஐயம் எழாது.

நாடாவை எதிராளிக்குத் தெரியும்படி பிடியுங்கள். ஒரு படைப்பிரிவை நகர்த்தும்போது எல்லா உருவங்களையும் ஒரே கையில் அள்ளி மறுபக்கம் கொட்டாதீர்கள்; முதலில் ஒன்றை அளந்து வைத்துவிட்டு மற்றவற்றை அதன் பின்னால் அமையுங்கள். அப்போதும் யாரும் தன் அளவைத் தாண்டவில்லை என்று பாருங்கள். ‘இங்கே போனால் என்ன ஆகும்’ என்று நகர்த்திப் பார்க்க விரும்பினால், பழைய இடத்தில் ஒரு பகடையை அடையாளமாக விட்டுவிட்டு நகர்த்துங்கள். திரும்பி வர இடம் தெரியும், எதிராளிக்கும் நிம்மதி.

முடிவெடுப்பதற்கு முன்பே தூரத்தை அளந்து பார்க்கலாமா என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். வார்ஹாமர் 40,000-இல் 2012-ல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம். வார்மெஷீன் என்ற இன்னொரு ஆட்டத்தின் முதல் இரண்டு பதிப்புகளில் கண்ணால் மதிப்பிட்டு இலக்கைச் சொன்ன பிறகுதான் அளக்க வேண்டும். இரண்டாம் வகை ஆட்டத்தில் நாடாவைச் சும்மா நீட்டிப் பார்ப்பதே விதிமீறல். ஆகவே கேட்டுவிட்டு நீட்டுங்கள்.

இதோடு சேர்த்து நோக்கத்தைச் சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். “இந்த ஐந்து பேரையும் உங்கள் டாங்கிக்குத் தெரியாதபடி சுவருக்குப் பின்னால் நிறுத்துகிறேன். அங்கிருந்து பாருங்கள், தெரியவில்லைதானே?” எதிராளி குனிந்து பார்த்து, “தெரியவில்லை” என்கிறார். முடிந்தது. அடுத்த முறையில் ஒருவனின் தோள் ஒரு மில்லிமீட்டர் வெளியே தெரிந்தாலும், மேசை ஆடி உருவம் நகர்ந்திருந்தாலும், ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். மில்லிமீட்டருக்காகச் சண்டை போடும் தேவையே வராது. இருவரும் தத்தம் புத்தியைத் திட்டத்தில் செலவிடலாம்.

பகடையை உருட்டும் முன்

உருட்டுவதற்கு முன் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: யார் யாரை அடிக்கிறார், எத்தனை பகடை, எந்த எண் வேண்டும். “வில்லாளிகள் குதிரைப்படையைச் சுடுகிறார்கள், பன்னிரண்டு பகடை, 4 அல்லது அதற்கு மேல்.” உருட்டிவிட்டுப் பிறகு “இது அந்தப் பிரிவுக்கு” என்று சொன்னால், நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் எதிரே இருப்பவர் மனத்தில் ஒரு முள் தைக்கும்.

இருவருக்கும் தெரியும் இடத்தில், முடிந்தால் ஒரு தட்டில் உருட்டுங்கள். வண்ணம் தீட்டிய உருவங்களுக்கு நடுவே பகடை மழை பொழிய வேண்டாம். சாய்ந்து நிற்கும் பகடையை என்ன செய்வது, தரையில் விழுந்ததை என்ன செய்வது என்பதை ஆட்டம் தொடங்கும்போதே முடிவு செய்யுங்கள். பொதுவான வழக்கம், தட்டையாக விழாததையும் கீழே விழுந்ததையும் மறுபடி உருட்டுவது. விழுந்த எண்ணைப் பார்த்தபின் அது செல்லும், செல்லாது என்று சொல்லவே கூடாது. உருட்டி முடித்ததும் தோற்றவற்றை மட்டும் விலக்கி, வென்றவற்றை அப்படியே விடுங்கள். எதிராளி பார்த்துத் தலையசைத்த பிறகு எடுங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் அள்ளிவிட்டு “எட்டு” என்று அறிவிப்பவரை யாரும் நேரடியாகக் குற்றம் சாட்டுவதில்லை. ஆனால் அடுத்த முறை அவரோடு ஆட ஆள் கிடைப்பது கடினமாகிவிடும்.

சின்னம் பொறித்த பகடைகளில் பெரும்பாலும் 6-க்குப் பதிலாகச் சின்னம் இருக்கும். சிலவற்றில் 1-க்குப் பதிலாக இருக்கும். இரண்டையும் கலந்து உருட்டாதீர்கள். உங்களுடையது எது என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுங்கள். பளிங்கு போன்ற நிறத்தில் எண்ணே தெரியாத அழகுப் பகடைகளைச் சேகரிப்பில் வைத்துக்கொள்ளலாம். மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

அதிர்ஷ்டத்தைப் பற்றிய புலம்பலையும் இங்கே சொல்ல வேண்டும். பன்னிரண்டு பகடையில் 4 அல்லது அதற்கு மேல் வேண்டுமென்றால் சராசரியாக ஆறு வெல்லும். மூன்றோ அதற்குக் குறைவாகவோ வெல்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 100-க்கு 7. ஒரு மாலைப்பொழுதில் இப்படிப் பல முறை உருட்டுகிறோம். ஆகவே ஒருமுறையாவது அது உங்களுக்கு நடக்கும், எதிராளிக்கும் நடக்கும். ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு உருட்டலுக்கும் விதியை நொந்துகொண்டே இருந்தால், “நீ நன்றாக ஆடவில்லை, பகடைதான் உன்னைக் காப்பாற்றியது” என்று எதிராளியிடம் சொல்வதாகவே பொருள். அவர் மூன்று மணி நேரம் யோசித்து ஆடியதை ஒரு வாக்கியத்தில் பறித்துவிடுகிறீர்கள்.

பொறி வைக்காதீர்கள், திரும்பக் கேட்கத் தயங்காதீர்கள்

ஒவ்வொரு படைக்கும் தனிச்சிறப்பு விதிகள் உண்டு. எல்லாப் படைகளின் விதிகளையும் யாராலும் நினைவில் வைத்திருக்க முடியாது. எதிராளி தன் வீரர்களை உங்கள் அருகில் கொண்டுவரும்போது, ‘என்னால் உங்கள் முறையிலும் திருப்பிச் சுட முடியும், 12 அங்குலத்துக்குள் வந்தால்’ என்று சொல்லிவிடுங்கள். இன்ஃபினிட்டி போன்ற ஆட்டங்களில் மற்றவர் முறையில் எதிர்வினை காட்டுவதுதான் ஆட்டத்தின் உயிரே. அங்கே இது இன்னும் அவசியம். உங்கள் திட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. விதியைச் சொல்லியாக வேண்டும். விதி இருவருக்கும் பொதுவான உடைமை, திட்டம் உங்களுடையது. எதிராளி அறியாத ஒரு விதியைக் கடைசி நொடியில் உருவி வெற்றி பெறுபவர், அந்த வெற்றியோடு ஒரு சக ஆட்டக்காரரையும் இழக்கிறார்.

செய்ததைத் திரும்பப் பெறுவதற்கு நான் பின்பற்றும் அளவுகோல் எளியது: அதற்குப் பிறகு பகடை உருண்டுவிட்டதா? உருளவில்லை என்றால் கேட்கலாம், கொடுக்கலாம். உருண்டு, புதிய செய்தி ஏதாவது தெரிந்துவிட்டால் அது முடிந்துபோன கதை. கேட்பது உங்கள் உரிமை. கொடுப்பது அவர் விருப்பம். புதியவர் கேட்டால் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிடுங்கள்.

விதியில் ஐயம் வந்தால் புத்தகத்தைப் பாருங்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் விடை கிடைக்கவில்லையா? ஆளுக்கொரு பகடை உருட்டி, பெரிய எண் விழுந்தவர் சொன்னபடி தொடர்ந்து ஆடிவிட்டு, வீட்டுக்குப் போய் நிதானமாகப் படியுங்கள். இத்தனை நேரமும் தவறாக ஆடினோம் என்று நடுவில் தெரியவந்தால், கடந்ததைத் திருத்த முயலாமல் அந்த நிமிடத்திலிருந்து சரியாக ஆடுங்கள். இன்னொன்று: எதிராளிக்குச் சாதகமான விதியை அவர் மறந்திருக்கும்போதும் நினைவூட்டுங்கள். தனக்கு லாபம் வரும்போது மட்டும் புத்தகத்தைத் திறப்பவருக்கு விதிப் பற்று இருப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போட்டியில் நடுவரைக் கூப்பிடுவது யாரையும் அவமதிப்பதாகாது; குரலை உயர்த்தாமல் கூப்பிடுங்கள்.

நேரம்

நேரப் பிரச்சினை புதிதல்ல. 1913-லேயே எச். ஜி. வெல்ஸ் தன் தரைப்போர் விளையாட்டில் வீரர்களின் எண்ணிக்கைக்கும் பீரங்கிகளின் எண்ணிக்கைக்கும் ஏற்ப ஒரு முறைக்கு இத்தனை நிமிடம் என்று வரம்பு வைத்தார். இன்று போட்டிகளில், இருவருக்கும் தனித்தனியே நேரம் ஓடும் சதுரங்கக் கடிகாரம் பயன்படுகிறது. கிங்ஸ் ஆஃப் வார் போன்ற ஆட்டத்தில் மற்றவர் முறையில் நீங்கள் பகடையே உருட்டுவதில்லை என்பதால் அதற்குக் கடிகாரம் நன்றாகப் பொருந்துகிறது.

புதியவர் மெதுவாக ஆடுவது குற்றமல்ல. முன்பே சொல்லுங்கள், சிறிய படையோடு வாருங்கள், அவ்வளவுதான். உங்கள் படையின் எண்களை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சமாகும். எதிராளியின் முறை நடக்கும்போது உங்கள் அடுத்த நகர்வை யோசியுங்கள். அப்போது கைப்பேசிக்குள் மூழ்கினால் இரட்டை நஷ்டம்: உங்கள் முறையில் முதலிலிருந்து யோசிக்க வேண்டும்; தான் சுவரோடு ஆடுவதாக எதிராளிக்குத் தோன்றும்.

தோற்கும்போதும் வெல்லும்போதும்

இரண்டாம் சுற்றில் பாதிப் படை போய்விட்டது என்பதற்காக உடனே உருவங்களைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். பல ஆட்டங்களில் வெற்றியைத் தீர்மானிப்பது, மேசையில் குறித்த இடங்களில் நீங்கள் பிடித்து வைத்திருக்கும் இலக்கிடங்கள்தாம். நான்கு பேரோடு வென்றவர்களும் உண்டு. உண்மையிலேயே முடிந்துவிட்டது என்று தோன்றினால், ‘இனி எனக்கு வழி இருப்பதாகத் தெரியவில்லை, தொடர்ந்து ஆட விருப்பமா?’ என்று கேளுங்கள். எதிராளியும் பயணம் செய்து, நேரம் ஒதுக்கித்தான் வந்திருக்கிறார். வெல்பவர்கள் செய்யும் பிழை வேறு. தோற்றவர் கேட்காமலேயே ‘நீங்கள் செய்த தவறு என்னவென்றால்’ என்று பாடம் எடுக்கத் தொடங்குவது அது. அவர் கேட்கும் வரை காத்திருங்கள், பெரும்பாலும் கேட்பார்.

பார்வையாளராக நிற்கும்போது வாயைத் திறக்காமல் இருப்பது கடினம், ஆனாலும் திறக்காதீர்கள். ‘அந்தப் பீரங்கி இன்னும் சுடவில்லையே’ என்று ஒருவருக்கு நினைவூட்டினால் மற்றவருக்கு எதிராக ஆடிவிட்டீர்கள்.

வரலாற்றுப் போர்களை ஆடுபவர்களுக்கு ஒரு சொல். இரண்டாம் உலகப் போரை ஆடினால் யாராவது ஜெர்மன் படையை நடத்தித்தான் ஆக வேண்டும். அதனால் அவர் நாஜிக் கொள்கையை ஏற்றவர் ஆகமாட்டார். ஆனால் அந்த அரசின் கொடுமைகளை வைத்து நகைச்சுவை செய்வதும், அதன் சின்னங்களை உடையில் அணிந்து வருவதும் வேறு. 2021-ல் ஸ்பெயினில் ஒரு போட்டிக்கு ஒருவர் நாஜிச் சின்னம் அணிந்து வந்ததை அடுத்து, வெறுப்புக் குழுக்களின் சின்னங்களோடு வருபவர்களுக்குத் தங்கள் நிகழ்வுகளில் இடமில்லை என்று வார்ஹாமரை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. எதிரே இருப்பவரின் குடும்பம் எந்தப் போரில் எதை இழந்தது என்று நமக்குத் தெரியாது.

யாராவது தொடர்ந்து தொல்லை தருகிறார் என்றால் மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் பிறகு மற்றவர்களிடம் புறம் பேசாதீர்கள். முதல்முறை நடக்கும்போதே, ‘அந்தப் பகடையை நான் பார்க்கவில்லை, கொஞ்சம் நிதானமாக எடுக்கிறீர்களா?’ என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலானோருக்குத் தாங்கள் அப்படிச் செய்வதே தெரியாது, கேட்டதும் மாறிவிடுவார்கள். மாறாதவரைப் பற்றி அமைப்பாளரிடம் சொல்லுங்கள். அவரோடு இனி ஆட மறுப்பதும் உங்கள் உரிமைதான்.

ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கி, அவர் ஆடியதில் உங்களுக்குப் பிடித்த ஒரு நகர்வைச் சொல்லுங்கள். மரங்களையும் கட்டடங்களையும் இருவருமாக எடுத்து வையுங்கள். பெட்டியை மூடுவதற்கு முன் உருவங்களை எண்ணிப் பாருங்கள்; இருவரும் ஒரே நிறுவனத்தின் படையை ஆடியிருந்தால் டோக்கன்களும் பகடைகளும் கலந்திருக்கும். மேசைக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.